குன்னூர் மலையில் ஒரு சீஸ் வீடு... இரண்டாம் முறை பூத்த காதல்!

“இந்த வயசுல எனக்கு எதுக்குடி மலையும் சீஸும்?”

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே பத்தாவது தடவையாகக் கேட்டாள் அக்கா. வயது 46. ஈரோட்டில் பள்ளி ஆசிரியை. அத்தான் இறந்து ஆறு வருடமாகிறது. இந்த ஆறு வருடத்தில் அவள் போன தூரப் பயணங்கள் இரண்டு. இரண்டும் விடைத்தாள் திருத்தும் முகாம்.

நானாக அவளைக் கிளப்பவில்லை. கல்லூரியில் படிக்கும் அவள் மகள்தான் ஒருநாள் இரவு போன் செய்தாள். “சித்தி, அம்மாவை ரெண்டு நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. ஸ்கூல்ல கணக்கு சார் அம்மாகிட்ட ஒண்ணு கேட்டிருக்கார். மூணு மாசமா பதில் சொல்லாம அம்மா தனக்குள்ளயே வெச்சுட்டு இருக்காங்க.”

அவர் என்ன கேட்டார் என்பதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணக்கு சாரும் மனைவியை இழந்தவர். பரீட்சை முடிந்த கடைசி நாளில் விடைத்தாள் கட்டை நீட்டும்போது, “டீச்சர், யோசிச்சுப் பாருங்க. அவசரமில்லை” என்றாராம். அவ்வளவுதான்.

நீலகிரியில் சீஸ் செய்யும் ஒரு சின்னப் பண்ணை இருக்கிறது என்று தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். யார் நடத்துகிறார்கள், அவர்கள் கதை என்ன என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அக்கா வந்திருக்கவே மாட்டாள்!

மூச்சு வாங்கி ஏறும் ரயில்

ஈரோட்டில் நள்ளிரவு தாண்டி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால், விடியும் நேரத்தில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து காலை 7.10-க்கு மலை ரயில். ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் பாதை போட்டார்கள். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

இந்த ரயிலில் எஞ்சின் முன்னால் இருக்காது. நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் பல்லாக இன்னொரு இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். வழுக்காமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும். நாம் டீ குடிக்கலாம். பிஸ்கட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் காத்திருக்கின்றன.

“மூன்றாம் பிறை கிளைமாக்ஸ் எடுத்தது இந்த லைன்லதானே?” என்றாள் அக்கா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

“ஆமா. ஆனா அந்த ஸ்டேஷன் கேத்தி. குன்னூர் தாண்டிப் போகணும்.”

“நல்லவேளை” என்றாள். அத்தானோடு டிவியில் அந்தப் படத்தைப் பார்த்து அழுதவள் அவள். நான் அதற்கு மேல் பேசவில்லை.

பாலும் மலையும்

நீலகிரி என்றால் நமக்கு டீ ஞாபகம் வரும். ஆனால் டீ வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இது பால் மலை.

தோடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எருமைதான் அவர்கள் வாழ்க்கை. அவர்களுடைய கோயிலே ஒரு பால் மனைதான்! அதற்கென்று நியமிக்கப்பட்ட ஆண் பூசாரி, புனித எருமைகளைக் கறந்து, தயிராக்கி, கடைந்து, வெண்ணெய் எடுப்பார். அந்த வேலைதான் அங்கே பூஜை. பெண்கள் அந்தப் பால் மனைக்குள் போகக் கூடாது. ஆங்கிலேய மானுடவியலாளர் ரிவர்ஸ் இந்தச் சடங்குகளையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி, 1906-ல் ‘தி தோடாஸ்’ என்று பெரிய புத்தகமே போட்டார். தோடர்கள் நெய்யைக் கொடுப்பார்கள்; படுகர்கள் தானியம் தருவார்கள்; கோத்தர்கள் பானையும் இரும்புச் சாமானும் தருவார்கள். காசு அதிகம் புழங்காத காலத்தில் இந்த மலை அப்படித்தான் ஓடியிருக்கிறது. பிற்பாடு புல்வெளிகளில் யூகலிப்டஸும் வாட்டிலும் வந்து, மேய்ச்சல் சுருங்கி, எருமைகளும் குறைந்துவிட்டன.

வெள்ளைக்காரர்கள் வந்ததும் வெண்ணெய்க்கு கிராக்கி கூடியது. நம் ஊர்ப் பெரிய நகரங்களில் ‘நீல்கிரீஸ்’ என்று கடை பார்த்திருப்பீர்கள். அதன் ஆரம்பம் 1905-ல் குன்னூர்ப் பக்கம் முத்துசாமி முதலியார் போட்ட சின்ன வெண்ணெய்க் கடைதான். அதற்குமுன் அவர் மலையேறித் தபால் சுமந்தவர்.

நம் காலத்துக்கு வருவோம். 1988-ல் ‘கயாமத் சே கயாமத் தக்’ என்றொரு இந்திப் படம் வந்து நாட்டையே உலுக்கியது. ஆமிர் கான் நாயகனாக அறிமுகமாகிப் புகழ் பெற்றது அதில்தான். அந்தக் காதலர்களுக்கு இன்னொரு வாய்ப்பே கிடையாது. கடைசியில் இரண்டு பேரும் செத்துப்போவார்கள். அதை எடுத்த மன்சூர் கான், 1995-ல் ‘அகேலே ஹம் அகேலே தும்’ எடுத்தார். அதில் பிரிந்துபோன கணவனும் மனைவியும் மறுபடி சேர்வார்கள். அதற்கப்புறம் இன்னும் ஒரு படம். பிறகு மும்பையையும் சினிமாவையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு குன்னூருக்கே வந்து, ‘ஏக்கர்ஸ் வைல்ட்’ என்ற பண்ணையில் மாடு வளர்த்து, சீஸ் செய்ய ஆரம்பித்துவிட்டார். அங்கே போய்த் தங்குகிறவர்களுக்குச் சீஸ் செய்யவும் சொல்லித்தருகிறார்கள்.

நாங்கள் போனது அந்தப் பண்ணைக்கு அல்ல. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பாதையில், டீத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் ஒரு மண் பாதையின் முடிவில் இருக்கிற நாலு மாட்டுப் பண்ணைக்கு. “பேரு, போட்டோ எதுவும் வேண்டாங்க. கூட்டம் வந்தா மாடு மிரளும்” என்று கேட்டுக்கொண்டதால் இதற்கு மேல் அடையாளம் சொல்லவில்லை.

பால்காரம்மாவும் மாஸ்டரும்

கேட்டைத் திறந்தவருக்கு ஐம்பத்து நாலு வயது இருக்கும். நரைத்த தாடி, முழங்கால் வரை கம்பூட்ஸ். “வாங்க, வாங்க. சூடா ஏதாவது குடிச்சிட்டு நேரா வேலைக்கு வந்துடுங்க. பால் காத்திருக்காது” என்றார். பின்னாலேயே வந்த அம்மாள், “வந்த உடனே வேலையா? உக்காருங்கம்மா. மாஸ்டர் இப்படித்தான்” என்று எங்கள் பையை வாங்கிக்கொண்டார்.

அவர் படுக சமூகத்துப் பெண். குன்னூர் கடைவீதியில் இன்றும் அவருக்குப் பெயர் ‘பால்காரம்மா’தான். அவர் கணவரை ‘மாஸ்டர்’ என்கிறார். ஹோட்டல் கிச்சனில் தலைமைச் சமையல்காரரை அப்படித்தானே கூப்பிடுவார்கள்?

சீஸ் அறை என்றால் ஏதோ ஃபேக்டரி மாதிரி கற்பனை செய்திருந்தேன். நம் வீட்டுச் சமையலறையைவிடக் கொஞ்சம் பெரிய அறை. வெள்ளை டைல்ஸ், பெரிய எவர்சில்வர் அண்டா, தெர்மாமீட்டர், கழுவிக் கவிழ்த்த வாளிகள். செருப்பைக் கழற்றி, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, தலைக்குத் துணி கட்டிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள்.

காலையும் முந்தின மாலையும் கறந்த 40 லிட்டர் பால். எல்லாம் ஜெர்சி கலப்பு மாடுகள். ஜெர்சிப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் சீஸுக்குத் தோது. பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, பிறகு 32 டிகிரிக்கு ஆற வைக்கிறார்கள். அதாவது கையை விட்டால் வெதுவெதுப்பு. அதில் முதலில் ஓர் உறை. நாம் தயிருக்கு ஊற்றுவது போலத்தான், பாக்டீரியா வகைதான் வேறு. அரை மணி கழித்து ‘ரெனெட்’ என்கிற நொதி. இவர்கள் பயன்படுத்துவது சைவ ரெனெட். ஒரு நிமிஷம் கலக்கிவிட்டு, மூடிவிட வேண்டும்.

“இனி 40 நிமிஷம் யாரும் தொடக் கூடாது. அசைக்கவும் கூடாது” என்றார் மாஸ்டர். “அவசரப்பட்டா எல்லாம் போச்சு.”

மூடியைத் திறந்தபோது பால் மொத்தமும் இளந்தேங்காய் வழுக்கை மாதிரி உறைந்திருந்தது. கத்தியைச் சரித்துவிட்டுத் தூக்கினால் சுத்தமாகப் பிளக்க வேண்டும், அதுதான் பதம். நீளமான கத்தியை அக்காவிடம் கொடுத்தார்கள். முதலில் தயங்கினாள். அப்புறம் கரும்பலகையில் கோடு போடுவது போல நேர்நேராக வெட்ட ஆரம்பித்தாள். மொச்சைக்கொட்டை அளவுத் துண்டுகள் ஆனதும் மெதுவாகக் கிளறிவிட வேண்டும். துண்டுகள் அடியில் தங்க, மேலே இளம்பச்சையாகத் தண்ணீர் பிரிகிறது. மாஸ்டர் அதை ‘வே’ என்கிறார். பால்காரம்மா ‘தெளிவுத் தண்ணி’ என்கிறார்.

அந்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் வெந்நீர் ஊற்றி 38 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். இப்படிக் கழுவுவதால் புளிப்பு அடங்கி, லேசான இனிப்பு தங்குமாம். இது கௌடா வகை. ஹாலந்தில் கௌடா என்ற ஊரின் சந்தையில் விற்றதால் அந்தப் பெயர். “அங்க யாரும் கௌடான்னு சொல்ல மாட்டாங்க. ‘ஹௌடா’ன்னு தொண்டையைக் கனைச்சுட்டுச் சொல்லணும்” என்று மாஸ்டர் செய்துகாட்ட, அக்கா சத்தமாகச் சிரித்தாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

துண்டுகளைத் துணி விரித்த அச்சில் அள்ளிப் போட்டு, மேலே பாரம். என்ன பாரம் தெரியுமா? பழைய அம்மிக்கல்! “மிக்ஸி வந்த பிறகு சும்மா கிடந்துச்சு. இப்ப இதுக்கு வேலை கிடைச்சிருச்சு” என்றார் பால்காரம்மா. ராத்திரி முழுக்க அழுந்தி, மறுநாள் உப்புத் தண்ணீரில் ஊறி, சில நாள் காய்ந்து, மெழுகு பூசிக்கொண்டு அலமாரியில் ஏறும். 12, 13 டிகிரிக் குளிரில், திருப்பித் திருப்பி வைத்து, குறைந்தது இரண்டு மாதம். நன்றாக முதிர வேண்டுமென்றால் ஒரு வருடம்.

40 லிட்டர் பாலுக்குக் கிடைப்பது சுமார் நாலு கிலோ சீஸ். மிச்சத் தெளிவுத் தண்ணீரும் வீணில்லை. அதைக் காய்ச்சினால் இன்னொரு தடவை மிருதுவாகத் திரண்டு வரும், அது ரிக்கோட்டா. அதற்கும் பிறகு மிஞ்சுவதில் சப்பாத்தி மாவு பிசைகிறார்கள்.

“நம்ம வீட்டுல பால் திரிஞ்சா அபசகுனம்னு கொட்டிடுவோம்” என்றாள் அக்கா.

“திரிஞ்சா கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னாங்க? அடுத்து என்ன செய்யணும்னு நமக்குத் தெரியல, அவ்வளவுதான்” என்றார் பால்காரம்மா, அண்டாவைத் தேய்த்தபடி.

லாக்டோமீட்டர் சண்டை

மாலை நாலரை மணிக்கே பனி இறங்கிவிட்டது. அடுப்படியில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் கொதித்துக்கொண்டிருந்தன. கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்டோம்.

பால்காரம்மாவின் கணவர் இறந்தபோது மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அரை ஏக்கர் டீ. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, பறிக்கும் கூலிகூடக் கட்டாத காலம். நகையை வைத்து இரண்டு மாடு வாங்கினார். விடியற்காலையில் கறந்து, ஜீப்பில் ஏறி, குன்னூரில் ஹோட்டல்களுக்கு ஊற்றுவார்.

மாஸ்டருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். கப்பல் கிச்சனில் இருபது வருடம். நடுவில் ஹாலந்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தோடு தங்கி, ஒரு குளிர்காலம் முழுக்கச் சீஸ் கற்றுக்கொண்டார். “வருஷத்துல பத்து மாசம் கடல்ல இருக்கறவனோட யாருங்க குடும்பம் நடத்த முடியும்? அவங்க விவாகரத்துக் கேட்டாங்க. தப்பு என்னோடதுதான்” என்றார். சுற்றி வளைக்காமல் அவர் அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கடல் போதும் என்று குன்னூரில் ஒரு ஹோட்டலில் சேர்ந்தார்.

முதல் சந்திப்பே சண்டை. வந்த பால் எல்லாவற்றிலும் லாக்டோமீட்டர் விட்டுப் பார்ப்பது மாஸ்டரின் வழக்கம். பால்காரம்மாவின் கேனில் விட்டுப் பார்த்தார். எடுத்தார். மறுபடி விட்டார். மூன்றாவது முறையும் விட்டார்.

“எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! ‘நான் தண்ணி கலந்தேன்னு நிரூபிச்சுட்டா மாட்டையே உங்க பேருக்கு எழுதித் தர்றேன்’னு கேனை நங்குன்னு வெச்சேன்.”

“தண்ணி கலந்ததா யாரு சொன்னா? இவ்வளவு அடர்த்தியான பாலை இந்த ஊர்ல நான் பார்த்ததே இல்லை. மீட்டர் ரிப்பேரோன்னு நினைச்சேன்!”

அடுத்த வாரம் அவர், “இந்தப் பாலை டீயில ஊத்தறது பாவம்மா. சீஸ் செய்யலாம்” என்றார். லீவு நாளில் வந்து சொல்லிக்கொடுத்தார். முதல் ஏழு சீஸும் தோல்வி. பந்து மாதிரி ஊதிக்கொண்டு, உள்ளே ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை. சுத்தம் போதவில்லை, வேண்டாத கிருமி புகுந்துவிட்டது. ஏழையும் எருக்குழியில் போட்டார்கள். “போதும், விட்டுடலாம்”என்றது மாஸ்டர். “நாளைக்குப் பால் கறப்பேன்ல? வாங்க” என்றது பால்காரம்மா. எட்டாவது தேறியது. விளிம்பில் ஒரு விரிசல் இருந்தது, ஆனாலும் தேறியது.

அந்த எட்டு சீஸுக்குள் எப்போது பிடித்துப்போனது என்று இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. மூன்றாவதா, ஐந்தாவதா என்று எங்கள் முன்னாலேயே வாதாடினார்கள்.

“எங்க படுகர் வழக்கத்துல புருஷன் போன பொண்ணு மறுபடி கட்டிக்கறது புதுசு இல்லைங்க. வரதட்சணையும் கிடையாது. ஆனா, எங்க ஆளுக்குள்ளன்னா சரி. இவர் வெளி ஆளு. ஊர்ல பெரியவங்க முகம் கொடுக்கல. அதுகூடப் பரவாயில்ல...” என்று நிறுத்தினார்.

மகன் பேசவில்லை. அப்போது அவனுக்கு 19 வயது. கோவையில் கல்லூரி ஹாஸ்டல். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்கும் மேல் அம்மாவின் போனை எடுக்கவில்லை. மாஸ்டர் மாதாமாதம் ஃபீஸ் கட்டிவிட்டு, ரசீதை மட்டும் அனுப்புவாராம். ஒரு வரி எழுத மாட்டாராம்.

அடுத்த மழைக்காலத்தில் மரங்கள் சாய்ந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. குளிர் அறை சூடேற ஆரம்பித்தது. அலமாரியில் ஆறு மாத உழைப்பு. இரண்டாம் நாள் ராத்திரி மழையில் ஜீப் சத்தம் கேட்டது. வாடகை ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு மகன் வந்து நின்றான். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்ததாம். இறங்கியவன் அம்மாவைப் பார்க்கவில்லை. “மாஸ்டர், டீசல் எங்க ஊத்தணும்?” என்றான்.

“இன்னிக்கும் அவன் மாஸ்டர்னுதான் கூப்பிடுறான். நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன்” என்றார் பால்காரம்மா.

அடுப்படியில் ஒரு கேள்வி

மாஸ்டர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். நான் பாத்திரம் எடுத்துவைக்கும் சாக்கில் அடுப்படி வாசலில் நின்றேன். அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“பையன் பேசாம இருந்தப்ப... தப்புப் பண்ணிட்டோம்னு உங்களுக்குத் தோணலையா?”

“தோணுச்சு. தினமும் ராத்திரி தோணுச்சு. காலையில கறக்கறப்ப மறந்துடும். ராத்திரி மறுபடி வரும்” என்றார் அவர். “உங்களுக்கு நல்ல வார்த்தை சொல்லணும்னு பொய் சொல்லக் கூடாதில்லீங்களா?”

“முதல் வீட்டுக்காரர்... அவரை...”

“மறந்துட்டியான்னு ஊர்ல கேட்டாங்க. எப்படி மறக்கும்? அவர் போட்டோ ஹால்லதான் இருக்கு, பார்த்திருப்பீங்க. வெள்ளிக்கிழமை அதுக்குப் பூ போடறது மாஸ்டர்தான். நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவராத்தான் ஆரம்பிச்சார்.”

அக்கா அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. ஹாலில் போய் அந்தப் போட்டோவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கதம்பம் வாடியிருந்தது. அன்று வியாழக்கிழமை.

ராத்திரி இரண்டு கம்பளிக்குள் படுத்தபடி, “அவர் என்கிட்ட கேட்டது உனக்குத் தெரியும்தானே?” என்றாள் இருட்டில்.

“தெரியும்.”

“பாப்பா சொன்னாளா?”

“ம்.”

“அவளுக்கு வருத்தமில்லையா?”

“உன்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னதே அவதான்.”

பதில் இல்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சில நேரத்தில் நாமும் தொடாமல், அசைக்காமல் இருக்கத்தான் வேண்டும்.

காலையில் அம்மிக்கல்லை இறக்கி, அக்கா வெட்டிய சீஸை அச்சிலிருந்து கவிழ்த்தார்கள். வழவழவென்று வட்டமாக, நம்ப முடியாத அழகு. ஓரத்தில் அக்கா பெயரையும் தேதியையும் எழுதிச் சீட்டு வைத்தார் மாஸ்டர். “ரெண்டு மாசம் கழிச்சு வந்து வாங்கிக்கங்க. பார்சல் அனுப்ப மாட்டேன். நேர்லதான் வரணும்.” கிளம்பும்போது எட்டு மாதம் முதிர்ந்த சீஸில் ஒரு துண்டை மெழுகுத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். முதல் கடியில் வெண்ணெய். அப்புறம் லேசாக உப்பு. கடைசியில் வறுத்த முந்திரி மாதிரி ஒரு வாசம் நாக்கிலேயே நிற்கிறது. கடையில் வாங்கும் சதுரச் சீஸ் ஞாபகத்தோடு போகாதீர்கள். இது வேறு.

நீங்களும் போவதென்றால்...

மலை ரயிலில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி முடிவானதும் ரிசர்வ் செய்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் சரிந்து ரயில் நிற்பது உண்டு, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். சீஸ் கற்றுத்தரும் பண்ணைகளில் முன்கூட்டியே சொல்லாமல் போய் நிற்காதீர்கள். பால் கறக்கும் நேரத்தை வைத்துத்தான் அவர்கள் பொழுது ஓடுகிறது. ஸ்வெட்டர், கழுவக்கூடிய செருப்பு, ஒரு முழு நாள் பொறுமை. இவை போதும். மெழுகு பூசிய சீஸ் ஊர் வந்து சேரும்வரை தாங்கும். வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கேத்தி ஸ்டேஷனில்...

குன்னூரிலிருந்து நேராகக் கீழே இறங்குவதாகத்தான் திட்டம். அக்காதான், “அந்த கேத்தி எவ்வளவு தூரம்?” என்றாள்.

வெலிங்டன், அருவங்காடு, அடுத்தது கேத்தி. சின்ன ஸ்டேஷன். எதிரே பள்ளத்தாக்கு முழுக்க அடுக்கடுக்காகக் கேரட்டும் முட்டைக்கோஸும். ரயில் எங்களை இறக்கிவிட்டு ஊட்டிப் பக்கம் போனது. படத்தில் கமல் மழையில் ஓடிவந்து, ஸ்ரீதேவிக்குத் தன்னை ஞாபகப்படுத்த முயன்று தோற்றுப்போன இடம். இப்போது வெயில் அடித்தது. பெஞ்சில் ஒரு நாய் படுத்திருந்தது.

அக்கா பிளாட்பாரத்தின் கடைசி வரை நடந்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். உள்ளே வைத்தாள். மறுபடி எடுத்தாள். நான் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்டவாளத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

“சார்... நான்தாங்க. ஈரோட்டுல இல்லை, வெளியூர் வந்திருக்கேன்... இல்லைங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்... ஒண்ணு கேக்கணும். உங்களுக்குச் சீஸ் பிடிக்குங்களா?”

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அக்கா கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. முகம் அப்படி இல்லை.

“என்ன சொன்னார்?”

“‘சாப்பிட்டதே இல்லைங்க டீச்சர், எப்படி இருக்கும்?’னு கேக்குறார்டி. கொண்டு வர்றேன்னு சொல்லிட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“ரெண்டு மாசத்துல இன்னொண்ணு தயாராகும், அதை நேர்ல போய்த்தான் வாங்கணும்னு சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “லீவு போடட்டுமான்னு கேட்டார்.”

அக்கா மெழுகுத் தாள் பொட்டலத்தைப் பையின் அடியிலிருந்து எடுத்து, நசுங்காமல் மேலே வைத்துக்கொண்டாள். ஊட்டியில் பஸ் பிடித்து ஈரோடு வந்து சேரும்வரை அந்தப் பை அவள் மடியிலேயே இருந்தது.